வீட்டில் இசைப்பதிவு: கணினியிடம் என்ன கேட்க வேண்டும்?

வீட்டிலேயே பாட்டுப் பதிவுசெய்ய ஆசைப்பட்டுக் கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இருக்கிறதிலேயே எது ஸ்பீடு?" என்றுதான். கடைக்காரரும் அதற்கேற்றதை எடுத்து வைப்பார்: கேமிங் லேப்டாப், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, லட்சத்தைத் தொடும் விலை. வீட்டுக்குக் கொண்டுவந்து மைக்கை மாட்டிப் பாடிய பிறகுதான் சிக்கல் தெரியவரும். பதிவின் நடுவே டப் டப்பென்று சிறு வெடிப்புகள். ஹெட்போனில் தன் குரலே சற்றுப் பிந்தி வந்து தாளத்தைக் கலைக்கிறது. அதே ஊரில் வேறொருவர், அலுவலக வேலைக்கென்று வந்த சாதாரண லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் பதிவுசெய்துகொண்டிருப்பார்.

காரணம், இசைப்பதிவு கணினியிடம் எதிர்பார்க்கும் குணமே வேறு. ஒரு வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் சொன்ன நேரத்துக்குள் முடிக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம். நேரம் தவறாத கணினி வேண்டும். அதை எப்படி அடையாளம் காண்பது என்று தெரிந்துகொண்டால், தேவையில்லாத இடத்தில் பணம் போவது நிற்கும். அந்தப் பணம் இசைக்கு உதவும் இடத்துக்குப் போகும்.

ஒலி எண்ணாகும் விதம்

மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, காற்றின் அழுத்தம் மாறுவதற்கேற்ப அசைகிறது. அந்த அசைவு மின்னழுத்தமாகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி அந்த மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. நொடிக்கு எத்தனை முறை அளப்பது? ஒலியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும், அந்த ஒலியை அப்படியே மீட்டுவிடலாம். ஹாரி நைக்விஸ்ட் 1928ல் தந்திச் செய்திகளைப் பற்றிய ஆய்வில் இதற்கு அடித்தளம் போட்டார். கிளாட் ஷானன் 1949ல் கணித நிரூபணத்தை வெளியிட்டார்.

மனிதச் செவிக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எனவே 40,000க்குச் சற்று மேல் போனால் போதும். 1982ல் வந்த சிடி 44,100 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. அன்று டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஜப்பான், அமெரிக்க வீடியோ முறையில் நொடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்), புலத்துக்குப் பயன்படும் வரிகள் 245, வரிக்கு 3 அளவுகள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 வரிகள், 3 அளவுகள், அதுவும் 44,100. பிறகு வீடியோவோடு சேரும் ஒலிக்கு 48,000 என்பது வழக்கமானது. இன்று வீட்டில் பதிவுசெய்பவர் 48,000ஐ வைத்துக்கொள்வது நல்லது. 96,000, 1,92,000 என்று போனால் கணினியின் சுமை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு கூடும். காதுக்குக் கிடைக்கும் பலன் அதற்கு ஈடாகாது.

ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாக எழுதுவது என்பது அடுத்த கேள்வி. ஒரு பிட் கூடினால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள வீச்சு சுமார் 6 டெசிபல் விரியும். 16 பிட்டில் 96 டெசிபல், 24 பிட்டில் கணக்குப்படி 144 டெசிபல். மின்சுற்றுகளின் இயல்பான இரைச்சலால் நடைமுறையில் 144ஐ எட்ட முடியாது. ஆனாலும் 24 பிட் பதிவில் பாடகருக்குப் பெரிய நிம்மதி உண்டு. உச்சஸ்தாயிக்குப் போகும்போது குரல் எல்லை மீறி உடையுமோ என்று பயந்து, மைக்கின் அளவை நுனியில் நிறுத்த வேண்டியதில்லை. 12 டெசிபல் இடைவெளி விட்டுப் பதிந்தாலும் மெல்லிய சங்கதிகள் இரைச்சலில் மூழ்காது.

இந்த எண்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆறுதல்தான் மிஞ்சும். 24 பிட், 48,000 என்ற அளவில் ஒரு ட்ராக், அதாவது தனியாகப் பதியும் ஒரு குரலோ வாத்தியமோ, நொடிக்கு 1,44,000 பைட், நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஒரே நேரத்தில் 24 ட்ராக் பதிந்தாலும் நொடிக்கு 3.5 எம்பிகூட வராது. பழைய ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பி எழுதும். கணினி தூக்க வேண்டிய சுமை இவ்வளவு குறைவு. அப்படியானால் அந்த வெடிப்புச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஒரு மணி நேரத்தில் 27 லட்சம் கெடு

கணினி ஒவ்வோர் எண்ணாக வாங்கி வேலை செய்வதில்லை. 64, 128, 256 என்று ஒரு தொகுதி சேர்ந்த பிறகு மொத்தமாக எடுத்துக் கணக்கிட்டு, அடுத்த தொகுதி வருவதற்குள் விடையை ஒலிபெருக்கிப் பக்கம் தள்ளிவிட வேண்டும். இந்தத் தொகுதிக்குப் பஃபர் என்று பெயர். 48,000 அளவில் 64 எண்கள் கொண்ட பஃபர் 1.33 மில்லிநொடி நீளம். அதற்குள் எல்லா ட்ராக்குகளும், அவற்றின்மேல் போட்ட எதிரொலி, ஈக்வலைசர் முதலிய எல்லா ப்ளக்-இன்களும் கணக்கிடப்பட்டாக வேண்டும்.

இது நொடிக்கு 750 முறை நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் 27 லட்சம் முறை. பத்து லட்சத்துக்கு ஒருமுறைதான் தவறுகிறது என்றால் வேறெந்த வேலையிலும் அதைப் பாராட்டுவோம். இங்கே அந்தக் கணினி ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெடிப்பைப் போட்டுவிடும். உருகிப் பாடிய ஒரு டேக்கின் நடுவில் அது விழுந்தால், அந்த டேக் போயிற்று.

கல்யாணப் பந்தியில் சாம்பார் பரிமாறுவதைப்போல்தான் இது. பெரிய வாளியோடு வருபவர் சமையற்கட்டுக்கு அடிக்கடி ஓட வேண்டியதில்லை. ஆனால் வாளி நிரம்பும்வரை அங்கே காத்து நிற்க வேண்டும். சிறிய தூக்கோடு வருபவர் உடனுக்குடன் கொண்டுவருவார். ஆனால் ஓயாமல் ஓட வேண்டும், ஒருமுறை வழியில் யாராவது நிறுத்திப் பேசினாலும் இலை காலியாகிவிடும். பெரிய பஃபர் பத்திரமானது, தாமதம் அதிகம். சிறிய பஃபரில் தாமதம் குறைவு, தவறும் அபாயம் அதிகம்.

பொதுப் பயன்பாட்டுக் கணினிகள் சராசரி வேகத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. படத்தைத் திறக்க ஒருமுறை அரை நொடி கூடினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால் டிரைவர் எனப்படும், வன்பொருளை இயக்கும் மென்பொருள்களில் வைஃபையுடையதோ கிராஃபிக்ஸுடையதோ 'அவசரம்' என்று கைதூக்கினால், இயங்குதளம் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும். அந்த ஒன்றிரண்டு மில்லிநொடி இடைவெளியில் ஒலியின் கெடு தாண்டிவிடுகிறது. ப்ராசஸர் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று திரையில் காட்டும்போதும் ஒலி உடைவதற்கு இதுவே காரணம். 30 சதவீதம் என்பது சராசரி; ஒலியைக் கெடுப்பது ஏதோ ஒரு கணத்தின் தாமதம்.

எவ்வளவு தாமதம் தாங்கும்?

காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர். மேடையில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பக்கவாத்தியக்காரரின் ஒலி பாடகரை எட்ட 9 மில்லிநொடி ஆகும். அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. எனவே 10 மில்லிநொடிக்குள் இருக்கும் தாமதத்தோடு பெரும்பாலான கலைஞர்கள் இயல்பாக வாசித்துவிடுவார்கள்.

அதற்கு மேல் போகப்போக நிலைமை மாறும். நிமிடத்துக்கு 80 அட்சரம் வரும் காலப்பிரமாணத்தில், ஓர் அட்சரத்துக்கு எட்டுச் சொல் வீதம் மிருதங்கம் ஓடினால், இரண்டு சொற்களுக்கு இடையே சுமார் 94 மில்லிநொடிதான் இருக்கும். கணினியில் 20 மில்லிநொடி தாமதம் ஏற்பட்டால் அது அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வாசிப்பவர் தன்னை அறியாமல் முந்தியோ பிந்தியோ போகத் தொடங்குவார். தாமதம் 200 மில்லிநொடி அளவுக்குப் போனால் பேச்சே தடுமாறும் என்பதை பெர்னார்ட் லீ 1950லேயே சோதனையில் காட்டினார். ப்ளூடூத் ஹெட்போன்கள் பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல் பிந்துபவை. பதிவின்போது அவற்றைத் தொடவே கூடாது.

பாடகருக்கு இன்னொரு நுட்பமான தொல்லை உண்டு. அவருடைய குரல் எலும்பின் வழியாக உட்செவியை உடனே எட்டிவிடுகிறது. ஹெட்போன் வழியே அதே குரல் சில மில்லிநொடி பிந்தி வந்து சேரும்போது, இரண்டும் கலந்து சில அதிர்வெண்கள் கூடிச் சில அழிந்துபோகின்றன. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். சுருதி சேர்வதே சிரமமாகும்.

இதற்கு எளிய தீர்வு இன்டர்ஃபேஸிலேயே இருக்கிறது. மைக்கில் வரும் ஒலியைக் கணினிக்குள் போய்த் திரும்பவிடாமல், பெட்டிக்குள்ளேயே நேராக ஹெட்போனுக்குத் திருப்பிவிடும் வசதி அது. 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தானோ திருகோ அதில் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் காதில் கேட்கும் தாமதம் ஏறத்தாழ இல்லாமலே போகும். பஃபரை 512, 1024 என்று பெரிதாக வைத்துக்கொள்ளலாம். கெடு தளர்ந்துவிடுவதால் பழைய கணினியும் அமைதியாக வேலை செய்யும். பதிவில் விழும் தாமதத்தை மென்பொருளே கணக்கிட்டு ட்ராக்கை முன்னால் நகர்த்திவிடும்.

கணினியைத் தேர்வுசெய்வதில் முதல் பிரிவினை இங்கேதான் விழுகிறது. குரல், வீணை, புல்லாங்குழல், வயலின் என்று மைக் வழியே பதிபவருக்கு டைரக்ட் மானிட்டர் உண்டு. அவருக்குச் சாதாரணக் கணினி போதும். கீபோர்டை அழுத்திக் கணினிக்குள் இருக்கும் பியானோவையோ தந்திக் குழுவையோ வாசிப்பவருக்கு அந்த வழி கிடையாது. அவருடைய ஒலி பிறப்பதே கணினிக்குள்தான். அவருக்குத்தான் 64, 128 என்ற சிறிய பஃபரில் தடுமாறாத, நேரம் தவறாத கணினி கட்டாயம் வேண்டும்.

அடாரி சொல்லும் பாடம்

நேரம் தவறாமைக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1985ல் வந்த அடாரி எஸ்டி கணினியின் ப்ராசஸர் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். முதல் மாடலின் நினைவகம் 512 கேபி. ஆனால் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி முறைக்கான துளைகளை அதன் உடம்பிலேயே வைத்துச் செய்திருந்தார்கள். 1983ல் அறிமுகமான மிடி நொடிக்கு 31,250 பிட் அனுப்புகிறது. ஒரு ஸ்வரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்திக்கு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி போதும். அடாரியில் பின்னணி வேலைகள் மிகக் குறைவு. இசை மென்பொருள் கேட்ட நேரத்தில் ப்ராசஸர் அதற்குக் கிடைத்தது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989ல் க்யூபேஸ் மென்பொருளை முதலில் இந்தக் கணினிக்குத்தான் கொண்டுவந்தது. பல மடங்கு வேகமான கணினிகள் வந்த பிறகும், தாளம் பிசகாது என்பதற்காகவே பல ஸ்டூடியோக்கள் அடாரியை விடாமல் வைத்திருந்தன.

ப்ராசஸரில் எதைப் பார்ப்பது?

இன்றைய ப்ராசஸர்களில் எட்டு, பத்து, பதினாறு கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் அலகுகள், இருக்கின்றன. எண்ணிக்கை கூடினால் இசை வேலையும் அதே அளவில் சுலபமாகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு குரல் ட்ராக்கில் முதலில் ஈக்வலைசர், அடுத்து கம்ப்ரஸர், அடுத்து எதிரொலி என்று வரிசையாகப் போட்டிருந்தால், முன்னது முடிந்த பிறகுதான் பின்னதைத் தொடங்க முடியும். அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பங்கிட வழியில்லை. வெவ்வேறு ட்ராக்குகளைத்தான் வெவ்வேறு கோர்களுக்குக் கொடுக்கலாம். கடைசியில் எல்லா ட்ராக்குகளும் சேரும் இடத்தில் போடும் ப்ளக்-இன்கள் மறுபடியும் ஒரே கோரின் தலையில்தான் விழும்.

எனவே முதலில் ஒற்றைக் கோரின் திறன், அடுத்து கோர்களின் எண்ணிக்கை. ஆப்பிளின் எம்1 சிப்பிலும் (2020) அதன் பின் வந்தவற்றிலும், இன்டெலின் 12ஆம் தலைமுறை முதல் வந்த பல ப்ராசஸர்களிலும் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகை உண்டு. விளம்பரத்தில் போடும் மொத்த எண்ணிக்கையில் வேகக் கோர் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். ஆறு முதல் எட்டு நல்ல கோர்கள் இருந்தால் வீட்டு ஸ்டூடியோவின் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இசைக்கு ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. விலையைக் கூட்டும், சூட்டைக் கூட்டும், விசிறிச் சத்தத்தைக் கூட்டும். வீடியோ எடிட்டிங்கோ விளையாட்டோ வேறு தேவையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ரேமும் டிஸ்க்கும்

மைக்கில் பதியும் ஒலிக்கு அதிக ரேம் வேண்டாம். ரேமை விழுங்குவது சாம்பிள் வாத்தியங்கள். ஓர் உண்மையான பியானோவின் 88 கட்டைகளையும், மெதுவாக அழுத்துவது முதல் ஓங்கி அழுத்துவது வரை பத்துப் படிகளில், ஒவ்வொன்றும் 20 நொடி நீளத்துக்கு, ஸ்டீரியோவில் பதிந்து வைத்தால் சுமார் 5 ஜிபி வரும். ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இது பல மடங்கு பெருகும்.

இதற்கு 1998ல் ஜிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் ஒரு வழி கண்டது. ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத் துணுக்கை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் மீதியை டிஸ்க்கிலிருந்து இழுத்துக்கொள்வது. இன்றைய சாம்பிள் மென்பொருள்களும் இதே வழியில்தான் ஓடுகின்றன. இங்கேதான் பழைய ஹார்ட் டிஸ்க் தோற்கிறது. சுழலும் தட்டில் அதன் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். முப்பது ஸ்வரங்களைத் தேடினால் 300 மில்லிநொடி. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லாததால் இந்தத் தேடல் மில்லிநொடியில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும். இயங்குதளமும் சாம்பிள்களும் எஸ்எஸ்டியில். பழைய பதிவுகளின் நகல்கள் மலிவான ஹார்ட் டிஸ்க்கில். இந்தப் பங்கீடு பணத்துக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது.

ஐந்து நிமிடப் பாட்டுக்கு 24 ட்ராக் பதிந்தால் ஏறக்குறைய 1 ஜிபி. ஒத்திகை டேக்குகளையும் சேர்த்தால் நான்கைந்து ஜிபி. எனவே 512 ஜிபி எஸ்எஸ்டி குரல் பதிவுக்குத் தாராளம். சாம்பிள்களோடு வேலை செய்பவருக்கு 1 அல்லது 2 டிபி வேண்டும். ரேம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: மெலிதான லேப்டாப்கள் பலவற்றிலும், இப்போதைய மேக்புக் எல்லாவற்றிலும் பின்னாளில் ரேம் கூட்ட முடியாது. வாங்கும் அன்றே தேவையானதை வாங்கிவிட வேண்டும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ்

மூன்றிலுமே நல்ல இசை செய்யலாம். மேக்கில் ஒலிக்கான கோர் ஆடியோ என்ற அடுக்கு இயங்குதளத்தோடே வருகிறது. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களைச் செருகியதும் வேலை தொடங்கும். கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் வழக்கமான ஒலிப்பாதை பல அடுக்குகளைத் தாண்டிப் போவதால் தாமதம் கூடும். அதைத் தவிர்க்க ஸ்டைன்பெர்க் 1997ல் ஆசியோ என்ற நேர்வழியை அமைத்தது. அதனால் விண்டோஸ்காரர் இன்டர்ஃபேஸ் வாங்கும்போது, தயாரிப்பு நிறுவனமே எழுதிய ஆசியோ டிரைவர் உண்டா என்று பார்ப்பது மிக முக்கியம். ஒரே கணினியில் நல்ல டிரைவரோடு வரும் பெட்டி 128 பஃபரில் ஓடும். மோசமான டிரைவரோடு வருவது 512லும் திணறும்.

லினக்ஸில் ஆர்டர் போன்ற பதிவு மென்பொருள்கள் கிடைக்கின்றன. கெடு தவறாமல் இயங்குவதற்கான நிகழ்நேர வசதி பல ஆண்டுகள் தனித் திருத்தமாக இருந்து, 2024ல் லினக்ஸ் 6.12 பதிப்பில் மூலக் கருவிலேயே சேர்க்கப்பட்டது. பழைய கணினிக்கு மறுவாழ்வு கொடுக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் தனக்குப் பிடித்த ப்ளக்-இன்கள் லினக்ஸில் ஓடுமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய லேப்டாப் வாங்குபவர்கள் கவனிக்க: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். அதற்கு முந்தையது மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவது நல்லது.

சூடு, சத்தம், மின்சாரம்

பெட்டியில் அச்சிட்ட எண்கள் சொல்லாத பகுதி இது. நம் ஊரில் மிக முக்கியமான பகுதியும் இதுதான். பதிவு தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்துகிறோம், ஏசியை நிறுத்துகிறோம், ஜன்னலைச் சாத்துகிறோம். அறையின் வெப்பம் ஏறுகிறது. லேப்டாப்புக்குள் இருக்கும் விசிறி முழு வேகத்தில் சுழலத் தொடங்குகிறது. அந்த இரைச்சல் மைக்கில் ஏறுகிறது. இன்னும் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையின் ஏசி அறையில் பறந்த கணினி, சித்திரை வெயிலில் பூட்டிய அறைக்குள் கெடு தவற ஆரம்பிப்பது இப்படித்தான்.

எம்1 முதலான மேக்புக் ஏர்களில் விசிறியே இல்லை. குரல் பதிவுக்கு அது பெரிய வரம். நீண்ட நேரம் கனமான வேலை கொடுத்தால் மட்டும் வேகம் சற்றுக் குறையும். டெஸ்க்டாப் என்றால் பெரிய, மெதுவாகச் சுழலும் விசிறிகளைப் போட்டு, மைக்கிலிருந்து தள்ளி வைக்கலாம். யூஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. மூன்று முனை கொண்ட மைக் வயர் பத்திருபது மீட்டர் போனாலும் கெடாது. எனவே கணினியையும் இன்டர்ஃபேஸையும் அடுத்த அறையில் வைத்து மைக் வயரை மட்டும் நீட்டுவது நல்ல ஏற்பாடு. ஒரே அறைதான் இருக்கிறதென்றால், முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கின் முதுகைக் கணினிப் பக்கம் திருப்புங்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் உயரும். விசிறி இரைச்சல் அந்த அளவுக்குப் பின்தங்கும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பிளக், வேறுவேறு பிளக்குகளில் செருகிய கருவிகள் ஆகியவற்றால் பதிவில் 'ம்ம்ம்' என்ற உறுமல் சேரும். கணினி, இன்டர்ஃபேஸ், ஒலிபெருக்கி மூன்றையும் எர்த் உள்ள ஒரே இணைப்புப் பலகையிலிருந்து எடுப்பது முதல் மருந்து. உறுமல் போகிறதென்று பிளக்கின் எர்த் முனையைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் கணினி ஓடும்போது 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று குரல் புழங்கும் இடத்திலேயே இரைச்சல் வந்து உட்காரும். சைன் அலை இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் லேப்டாப்பின் பேட்டரியில் பதிவது மேல். பேட்டரிக்கு மாறியதும் சில லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின் அமைப்பில் முழுத் திறனைத் தேர்ந்தெடுத்த பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

யாருக்கு எது?

தம்புரா ஒலியோடு பாடிப் பதிபவர், பாடம் பதிந்து மாணவர்களுக்கு அனுப்பும் ஆசிரியர், பாட்காஸ்ட் செய்பவர்: 8 ஜிபி ரேம், 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி, நான்கு கோர் உள்ள எந்த நல்ல கணினியும் போதும். வீட்டில் ஏற்கெனவே இருப்பதே போதுமானதாக இருக்கலாம். வாங்க வேண்டியது நல்ல இன்டர்ஃபேஸும் மைக்கும்.

பத்திருபது ட்ராக், ப்ளக்-இன்கள், கீபோர்டில் மென்பொருள் வாத்தியங்கள் என்று முழுப்பாட்டு செய்பவர்: 16 ஜிபி ரேம், ஆறு முதல் எட்டு நல்ல கோர்கள், 1 டிபி எஸ்எஸ்டி. பெரும்பாலான வீட்டு இசையமைப்பாளர்களுக்கு இதுவே சரியான படி.

குறும்படத்துக்கும் படத்துக்கும் ஆர்கெஸ்ட்ரா ஒலியில் பின்னணி இசை செய்பவர்: 32 முதல் 64 ஜிபி ரேம், 2 டிபி எஸ்எஸ்டி, நல்ல குளிர்விப்பு உள்ள டெஸ்க்டாப் அல்லது அதற்கிணையான மேக்.

எதை வாங்கினாலும், முடிந்தால் பணம் கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் என்றால் லேட்டன்ஸிமான் என்ற மென்பொருளை இருபது நிமிடம் ஓடவிட்டால், எந்த டிரைவர் நேரத்தை விழுங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும். வைஃபையை அணைத்ததும் சரியாகிறதென்றால், பதிவு நேரத்தில் மட்டும் அணைத்துச் சமாளிக்கலாம். எதை அணைத்தும் சரியாகவில்லை என்றால் எவ்வளவு வேகமான கணினியானாலும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு, ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது இயங்குதளத்தைப் புதுப்பிக்காதீர்கள். முடித்ததும் பதிவுகளின் நகலை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் கணினிக்குக் கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. கேட்பவரின் காதுக்குப் போவது குரலும், அறையும், மைக்கும்தான். புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' தொகுப்பு (1982) அவருடைய வீட்டுப் படுக்கையறையில், நான்கு ட்ராக் மட்டுமே உள்ள கேசட் கருவியில் பதிவானது. பில்லி ஐலிஷும் அவருடைய அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சலஸில் பெற்றோர் வீட்டின் சிறிய படுக்கையறையில் செய்த தொகுப்பு, 2020ல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை வாங்கியது. கணினி தன் கெடுவைத் தவறாமல் முடித்து ஒதுங்கிக்கொண்டால் அதன் கடமை தீர்ந்தது. அந்த அளவுக்குப் போதுமான கணினி இன்று நம்மில் பலருடைய வீட்டிலேயே இருக்கிறது. புதிதாக வாங்கும் முன், இருப்பதில் ஓர் எஸ்எஸ்டியைப் போட்டு, ஓர் இன்டர்ஃபேஸை இணைத்து, டைரக்ட் மானிட்டரில் ஒரு பாட்டை முழுதாகப் பதிந்து பாருங்கள். எது குறைகிறது என்று அந்தப் பதிவே சொல்லும். அதை மட்டும் வாங்குங்கள்.